மணி பிடிக்காத கை

சௌபாக்கியவதி சைலஜாவுக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஷிவானியும் நலமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பாதி நலம் என்று வைத்துக்கொள். தினமும் வீடியோவில் பார்க்கிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் உன் அப்பா என் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார், ஒரு வார்த்தை மனம்விட்டுப் பேச முடியவில்லை. இப்போது ஜபத்தில் இருக்கிறார், அவர் கண் திறப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

பக்கவாதம் வந்து அவருடைய இடது கை இறுக மூடிக்கொண்டதை நீயே வந்து பார்த்தாய். விரலைப் பிரித்தால் துடிப்பார், நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகி வாடை வரும். இந்த உடம்போடு கர்ப்பக்கிருகத்தில் நிற்கக் கூடாது என்று பெரிய கோயில் பூஜை முறையை அவராகவே உன் பெரியப்பா பிள்ளை அருணேஷுக்கு விட்டுவிட்டார். வேங்கிக்கால் காலனிப் பிள்ளையார் மட்டும்தான் மிச்சம். அங்கே எப்படிப் பூஜை செய்தார் என்று உனக்கு நாங்கள் சொல்லவில்லை. மூடிய அந்தக் கைக்குள் மணியின் காம்பை நான் செருகிவிடுவேன். வலது கையில் தீபத்தை எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்று இடது தோளைக் குலுக்குவார், மணி அடிக்கும். பூட்டுப் போட்ட மாதிரி பிடி, விழவே விழாது. வலியைக் கொடுத்த பிள்ளையார் பிடியையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார் என்று என்னிடமே கேலி பேசுவார்.

நீ ஷாக்வேவ் சிகிச்சை செய்யச் சொல்லி வற்புறுத்தியதில் ஒரு தப்பும் இல்லை, அதை முதலில் மனதில் வாங்கிக்கொள். ஷாக் என்றதும் கரண்ட் வைப்பார்கள் என்று பயந்துபோய்த்தான் வந்தார். பிசியோதெரபி செய்யும் மணிமொழி, கரண்டே இல்லை என்று சொல்லி, முன்கையில் ஜெல் தடவி, துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து அழுத்தினாள். டக்டக்கென்று தட்டுகிற சத்தம்தான். இறுக்கம் கம்மியாகும், ஆனால் பிடிக்கிற பலம் தானாக வராது, கொஞ்ச நாளில் மறுபடி இறுகவும் கூடும், பயிற்சியையும் விரல் மடங்காமல் கட்டும் பட்டையையும் விடக் கூடாது என்று தெளிவாகத்தான் சொன்னாள். இந்தக் கையால் ஏதாவது வேலை உண்டா சாமி என்று கேட்கவும் கேட்டாள். உன் அப்பா ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். பகவான் காரியத்தை இப்படி ஒப்பேற்றுகிறோம் என்று வெளி மனுஷியிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். அவர் வாயைத் திறக்காதபோது நான் எப்படிச் சொல்வது.

சிகிச்சை பலித்தது சைலு. விரல்கள் விரிந்தன, புண் ஆறியது, மனுஷர் வலியில்லாமல் தூங்கினார். வீடியோவில் அந்தக் கையை அவர் தூக்கிக் காட்டியபோது நீ அழுதாயே, நானும் அழுதேன். அடுத்து வந்த சங்கடஹர சதுர்த்தியில் கூட்டத்துக்கு முன்னால் தீபத்தை எடுத்தார், தோளைக் குலுக்கினார், மணி நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தீபம் தானாக அணைந்தது. துணியால் மணியைக் கட்டிவிடுகிறேன் என்றேன், பொம்மைக்குக் கட்டுவதுபோலவா என்று உதறினார். நான் பக்கத்தில் நின்று மணி அடிக்கிறேன் என்று அருணேஷ் சொன்னான், அப்படியானால் நான் எதற்கு என்று கேட்டார். காலனிக்காரர்கள் மரியாதையாகத்தான், மோட்டார் மணி வாங்கிவிடுகிறோம், நீங்க ஓய்வெடுங்க சாமி என்றார்கள். அன்றோடு அவர் வேங்கிக்கால் பக்கம் போகவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், வைக்காவிட்டால் கேட்பதில்லை.

இப்போது விரல்கள் மறுபடி மடங்குகின்றன. மணிமொழி கூப்பிட்டு, இன்னொரு முறை சிகிச்சை செய்தால் இறுகுவதைத் தள்ளிப்போடலாம் என்கிறாள். இவர் வரமாட்டேன் என்கிறார், பயிற்சி இல்லை, கைக்குப் போடும் பட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "தர்மு, அது மூடட்டும். வலிச்சா வலிச்சுட்டுப் போகட்டும். சைலுகிட்ட சொல்லாதே" என்றார். நான் எந்தச் சாமியிடம் எதை வேண்டுவது, நீயே சொல். கை திறந்திருந்தால் அவர் உயிரில்லாதவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார், மூடினால் புண்ணும் சீழும் வரும். எனக்கு உன்மேல் கோபமில்லை, அவர்மேல்தான் கோபம், அதையும் காட்ட முடியவில்லை. மணிமொழியிடம் இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இன்று காலை அவர் நகங்களை ஒட்ட வெட்டி, மணியைப் புளி போட்டுத் தேய்த்து அவர் கண்ணில் படும்படி வைத்தேன். பார்த்துச் சிரித்தார், எத்தனையோ நாளைக்கு அப்புறம்.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்குப் போகாதே. தீர்க்க சுமங்கலியாக இரு. ஒன்றை மறக்காதே, இனி வீடியோவில் கையைக் காட்டச் சொல்லி அப்பாவைக் கேட்காதே. நீ பேசும்போது ஒரு நாள் இந்தப் பக்கம் மணிச்சத்தம் கேட்கும். கை மூடிவிட்டது என்று புரிந்துகொள். அழுதுவிடாதே, அவர் காதில் விழும்.

இப்படிக்கு,
உன் அம்மா
தர்மாம்பாள் சாம்பமூர்த்தி
திருவண்ணாமலை