சுவர் வியர்த்த வாரம்

1958 ஜூன் 17, செவ்வாய்

விடியும்போதே சாரல். மலை தெரியவில்லை. பின்னறைச் சுவரில் மறுபடி ஈரம், இடுப்பளவு ஏறிவிட்டது. தலையணை உறையில் கரும்புள்ளி. பெல்ட்டில் பூசணம்.

பிள்ளைக்கு இன்று பன்னிரண்டாம் நாள். தும்மல். மூச்சில் கொறகொறப்பு. பயமாக இருக்கிறது.

கோமதிக்குத் தாய் இல்லை, அதனால் பேறுகாலம் இங்கேயே, குற்றாலத்தில். பார்த்துக்கொள்ளக் கடையத்திலிருந்து என் அக்கா. வந்த அன்றே ஜன்னல் இடுக்கெல்லாம் பழந்துணி அடைத்துவிட்டாள். பிள்ளைத் துணி வெளியில் காயாது. அறைக்குள் கரி போட்ட கனப்புச் சட்டி, அதன்மேல் கூடையைக் கவிழ்த்து, ஈரத்துணியைப் போர்த்தி உலர்த்துகிறாள்.

இவ்வளவு அடைத்தும் ஈரம் எங்கிருந்து?

வாங்க: கல் சுண்ணாம்பு, சாம்பிராணி, கரி. கொத்தனாரிடம் சொல்ல.

ஜூன் 18, புதன்

தென்காசிக்கு நனைந்துகொண்டே பஸ். ஆபீஸில் ஃபைல்கூட நமத்துக் கிடக்கிறது. ஹெட்கிளார்க் சிடுசிடு.

சட்டியில் சுண்ணாம்புக் கல், ஈரத்தை இழுக்கும் என்று கட்டிலடியில். பலன் இல்லை.

கோ.: "தல வலிக்கி. மூச்சு முட்டுது. ஒரு சன்னலயாவது தொறங்களேன்."

அக்கா: "பச்ச ஒடம்புட்டி. சாரக்காத்து பட்டா சன்னிதான்."

நான் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அக்காவின் பையன் இதே மாதிரி ஒரு சாரலில், பிறந்த இருபதாம் நாள் போனவன். அவளிடம் என்னத்தைச் சொல்ல?

ஜூன் 19, வியாழன்

காலையில் கொத்தனார். கூரை ஏறிப் பார்த்தார். ஓட்டில் ஒழுக்கு இல்லை. பிள்ளை பெற்ற அறை என்று வாசலோடு நின்றுகொண்டு, பித்தளைத் தட்டைச் சுவரோடு ஒட்டி மாட்டச் சொன்னார். மாட்டினேன். காப்பி குடித்து வருவதற்குள் தட்டு முகமெல்லாம் முத்து முத்தாய் நீர்.

"பாத்தியளா? வெளித்தண்ணின்னா தட்டுக்குப் பின்னாலதான் நனையணும். இது முன்னால நனைஞ்சிருக்கு. ஈரத்துணி ஆவி போக வழியில்லாம சொவர்ல வந்து குந்துது. சன்னலத் தொறங்க அண்ணாச்சி."

அக்கா காதில் விழாத மாதிரி கரி அள்ளிப் போட்டாள். ஞாயிறு லீவு. அன்றைக்கு அவளிடம் பக்குவமாகப் பேசிக்கொள்ளலாம்.

ஜூன் 21, சனி

நேற்று எழுதவில்லை.

நேற்று ஆபீஸ் பீரோ சாவியை வீட்டில் மறந்துவிட்டேன். எடுக்க மத்தியானம் வந்தேன். அக்கா பின்கட்டில் துவைத்துக்கொண்டிருந்தாள். அறைக்கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. தள்ளித் திறந்தால் ஒரே உஷ்ணம். சட்டி நிறையக் கரி கனிந்து கிடந்தது. புகையே இல்லை. கோ. அரைக்கண்ணில். பிள்ளை துணி மாதிரித் துவண்டு.

பிள்ளையை முற்றத்துக்குத் தூக்கி ஓடினேன். பிறகு அவளை இழுத்து வந்தேன். இரண்டு பேரும் சாரலில். "நனையுதுலே, நனையுதுலே" என்று அக்கா ஓடி வந்தாள். பிள்ளை முகத்தைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எவ்வளவு நேரமோ. பிள்ளையிடம் ஒரு விக்கல். பிறகு அழுகை.

வந்து பார்த்த டாக்டர்: "மூடுன ரூம்ல கரியக் கனிய வச்சா காத்தே விஷமாயிரும். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா ரெண்டு பேருமே இல்ல."

சாவியை மறந்ததால் பிழைத்தார்கள். கோ. சொல்லி நான் கேட்டதால் இல்லை. கொத்தனார் சொல்லிக் கேட்டதாலும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

சாரல். ஜன்னல் இரண்டும் திறந்திருக்கின்றன. அடைப்புத் துணியை அக்காவே பிடுங்கினாள். கனப்பும் ஈரத்துணியும் இப்போது வெளித் தாழ்வாரத்தில். சுவர் மேல்பக்கம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளை பால் குடிக்கிறாள். கொறகொறப்பு குறைவு.

கோ. இரண்டு நாளாக என்னிடம் பேச்சில்லை. அக்காவிடம் பேசுகிறாள், வெந்நீர் கேட்கிறாள்.

சாயங்காலம் காற்று வலுத்தது. அறை வாசலில் நின்று, "சன்னல ஒரு பக்கம் சாத்தட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம். சாத்தணும்னா நானே எந்திச்சுச் சாத்திக்கிடுதேன்."