அப்பாவின் ரெகுலேட்டரும் என் ரிமோட்டும்

அய்யா உண்டு

அஞ்சுகிராமம்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகன் சஜினுக்கும் மருமகள் இந்துஜாவுக்கும் அம்மா எழுதுவது. அய்யா துணையால் இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், அங்கே நீங்களும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்கிறேன். ஜெர்மனியில் குளிர் தொடங்கிவிட்டதாக இந்துஜா சொன்னாள், காதை மூடாமல் வெளியே இறங்காதே, காதுவலி வந்தால் நீ படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று நாலு வார்த்தை திருத்துவார், அதனால்தான். அப்பாவின் பழைய இஞ்சினுக்கும் சிப் வைத்து நம் தோட்டத்து விளையாட்டு ரயில் முழுவதையும் டிஜிட்டல் ஆக்கிவிடலாம், சிப் அனுப்பட்டுமா என்று போன வாரம் அவரிடம் கேட்டாயாமே. என் பக்கத்தையும் கேட்டுவிட்டு முடிவு செய் மக்கா.

நீ முதலில் அனுப்பிய பச்சை இஞ்சின் வந்த நாளிலிருந்து அப்பாவைப் பிடிக்க முடியவில்லை என்பது உனக்கே தெரியும். தென்னை மரத்தைச் சுற்றி, துவைக்கிற கல்லைச் சுற்றி, செம்பருத்திக்குப் பின்னால் பாலம் கட்டித் தண்டவாளம் போட்டது அவர்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தண்டவாளத்தை அன்றாடம் துடைத்தது யார், ஆடிக் காற்றில் கவிழ்ந்த பெட்டிகளைத் தூக்கி நிறுத்தியது யார், பாலத்தில் கூடு கட்டிய எறும்பை விரட்டியது யார். வண்டியை ஓட்டுகிற அந்த ரெகுலேட்டர் குமிழில் கை வைத்தால் மட்டும், தள்ளு ஏட்டி, உனக்குப் பிடிகிட்டாது என்பார். இந்தத் தடவை சிவப்பு இஞ்சினை ரிமோட்டோடு அனுப்பி, பார்சல் மேலே அம்மாவுக்கு என்று எழுதியிருந்தாயே, அந்த அட்டையை நான் இன்னும் எறியவில்லை. நீ வீடியோவில் காட்டிய மாதிரியே லைட் போட, விசில் அடிக்க, மெதுவாக நிறுத்த எல்லாம் படித்துக்கொண்டேன். விசில் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு ஆடுகூட மேய்ச்சலை விட்டுவிட்டுப் பார்க்கிறது.

அப்புறம்தான் வந்தது வினை. அப்பாவுடையது வீட்டு ஃபேன் மாதிரி, குமிழைத் திருப்பினால் லைனில் கரண்டு ஏறி வண்டி வேகம் பிடிக்கும், குறைத்தால் நிற்கும். என்னுடையதில் லைனில் எப்போதும் முழுக் கரண்டும் நிற்கும், ரிமோட் சொல்வதை என் இஞ்சின் கேட்டு நடக்கும். அனுப்பிய உனக்கே நான் பாடம் எடுக்கிறேன் பார். அப்பாவின் பச்சை இஞ்சினுக்கு அந்தப் பேச்சு விளங்காது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. அது தென்னை மூட்டில் லைன் மேலேயே நிற்க, நான் என் ரிமோட்டின் கரண்டுப் பெட்டியைப் போட்டுவிட்டேன். சிவப்பு அழகாக ஓடியது, பச்சை நின்ற இடத்திலேயே வண்டு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அப்பா வந்து தொட்டுப் பார்த்தால் அடுப்புக்கல் மாதிரிக் கொதிக்கிறது. வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எனக்க இஞ்சினைக் கொல்லவா பாக்க என்று தெரு கேட்கக் கத்தினார். மோட்டார் கருகவில்லை, அய்யா காப்பாற்றினார். ஆனால் என் சிவப்பு இஞ்சினைப் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, இனி இந்த வீட்டில் ரெகுலேட்டர் மட்டும்தான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அவருக்குச் சோறு வைத்தேன். பின்னால் போய் அழுதேன். விளையாட்டு வண்டிக்காக மாமியார் அழுதாளாம் என்று இந்துஜா சிரிக்கக் கூடாது, அது வண்டிக்காக மட்டும் இல்லை.

வழி எனக்குத்தான் தோன்றியது. மழையில் கரண்டு போனது, ஜெனரேட்டருக்கு மாற்றப் போனவள் அந்த லீவரைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். மேலே தூக்கினால் ஊர்க் கரண்டு, கீழே இறக்கினால் ஜெனரேட்டர், இரண்டும் ஒருநாளும் கலக்காது. மறுநாளே நம் வீட்டு வயரிங் பார்க்கிற கிருஷ்ணமணியை வரச் சொன்னேன். அதே மாதிரி சின்ன சுவிட்ச் ஒன்று வைத்தான், மேலே அப்பாவின் ரெகுலேட்டர், கீழே என் ரிமோட் பெட்டி, நடுவில் வைத்தால் எதுவும் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஆளுக்கொரு ஷெட் லைனும் போட்டு, அதற்குக் கரண்டை நிறுத்தத் தனித்தனி சுவிட்சும் வைத்தான். ஒருவர் வண்டி ஓடும்போது மற்றவர் வண்டி அங்கே கரண்டில்லாமல் தூங்கும். கேட்காமல் யாரும் லைனை மாற்றக் கூடாது, ஓடுகிற வண்டியை ஷெட்டில் விட்ட பிறகுதான் மாற்ற வேண்டும் என்று இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டான். அப்பா கையைக் கட்டிக்கொண்டு குற்றம் தேடித் தேடிப் பார்த்தார், கடைசியில் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு என்றார், பரணில் ஏறி என் பெட்டியை அவரே இறக்கித் தந்தார். மழை படாத இடம் என்று அந்தச் சுவிட்சைச் சமையல்கட்டு ஜன்னலோரம் வைத்தாயிற்று. அங்கே எப்போதும் நிற்பது யார் என்று அப்பா யோசிக்கவில்லை.

இன்றைக்குத் தாங்கலில் அய்யாவுக்குப் பணிவிடை முடிந்து கும்பிட்டுவிட்டு வந்தோம், மழையும் விட்டு வெறித்தது. அடுப்பில் தீயல் குழம்பை வைத்துவிட்டு என் வண்டியை ஓட விட்டேன். அப்பா பச்சை இஞ்சினைக் கோழியை இடுக்குவதுபோல இடுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே வந்தார். கை சுவிட்ச் பக்கம் போனது, பிறகு நின்றது. கிளி, லைன் தருவியா என்று என்னைப் பேர் சொல்லிக் கேட்டார். மக்கா, வயல் வாங்கியது, மாட்டை விற்றது, உன்னை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பது, எல்லாமே அவர் முடிவு செய்துவிட்டு வந்து எனக்குச் சொன்னதுதான், கல்யாணம் ஆன நாள் முதல் ஒன்றையும் என்னிடம் கேட்டதில்லை. இன்னும் ஒரு சுற்று போகட்டும் என்றேன். நின்றார். என் வண்டி செம்பருத்தியைக் கடந்து, பாலம் ஏறி இறங்கி, விசில் அடித்து ஷெட்டுக்கு வந்து சேரும்வரை அங்கேயே நின்றார். பிறகு லீவரை மேலே தூக்கிக் கொடுத்தேன். தீயல் அடிபிடித்துவிட்டது, அதையும் வழித்துச் சாப்பிட்டார்.

நீங்கள் இரண்டு பேரும் மனம் ஒத்து, வயிறு நிறைய உண்டு, நீண்ட ஆயுளோடு வாழ அய்யா அருள் செய்யட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அந்தச் சிப்பை அனுப்ப வேண்டாம். அதை வைத்துவிட்டால் இரண்டு இஞ்சினும் ஒரே லைனில் ஒரே நேரத்தில் ஓடலாமாம், ஒருவருக்காக ஒருவர் நிற்கவே வேண்டாமாம். அப்புறம் அப்பா எதற்காக என்னிடம் வந்து கேட்கப் போகிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சு. அன்னக்கிளி