கார் ஷெட்டுக்கு ஒரு தரை

பிப்ரவரி 6

கார் ஷெட்டில் போன வருஷம் பூசிய சிமெண்ட் மறுபடியும் அப்பளமாக உரிந்து வருகிறது. இவர் காலையில் காரைத் துடைத்துவிட்டு, "ஏட்டி, இந்தத் தடவை பூச்சு வேலையே வேண்டாம். நல்ல டைல்ஸா பாத்துப் போட்டுருவோம்" என்றார். "ம்" என்றேன்.

எனக்குக் கவலை தரையைப் பற்றி இல்லை. ஷெட்டின் இடப்பக்கத் தூணைப் பற்றி. கார் உரசி அதில் இன்னொரு புதுக் கீறல். கேட்டால், "தூணை இங்க எவன் கட்டுனான்?" என்கிறார். கட்டியது இவர்தான்.

பிப்ரவரி 9

ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் இந்து வீட்டுக்குப் போய் வந்தோம். காரில்தான். வேறெதில்?

மதுரையில் கண் டாக்டரைப் பார்த்து நாலு மாசம் ஆகிறது. இவர் கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது, பக்கப் பார்வை குறைந்துகொண்டு வருகிறது, சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள் என்றார். கார் ஓட்டலாமா என்று நான் கேட்பதற்குள் இவர் என்னை மருந்து வாங்க அனுப்பிவிட்டார். திரும்பி வந்து கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் சொல்லல."

அன்றிலிருந்து நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறேன். "அந்தா ஒரு பெரியவர், இந்த வெயில்ல சைக்கிள் மிதிச்சுப் போறாரு, பாவம்." "மில் பஸ்ஸு இடிக்கிற மாதிரி ஒட்டி வருது, அவனுக்கு எம்புட்டு அவசரம் பாருங்க." ஊர்க்கதை மாதிரியே சொல்லிவிடுவேன். இவரும் கதை கேட்கிற மாதிரி ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொள்வார். இன்றைக்கு அங்கே கடைத்தெருவுக்குப் போகையில் பேத்தி வேறு பின்சீட்டில் நின்றுகொண்டு "தாத்தா, வேகமா" என்கிறாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நேராகச் சொன்னால் என்ன? முப்பது வருஷம் பேண்டேஜ் துணி யூனிட் நடத்தினவர். மதுரைக்கும் சிவகாசிக்கும் ராத்திரி பகல் பாராமல் தன் கையாலேயே ஓட்டிப் போனவர். யூனிட்டும் போன பிறகு அந்தக் கார் சாவி ஒன்றுதான் சட்டைப்பையில் மிச்சம். அதையும் கொடுங்கள் என்று நான் எந்த வாயால் கேட்பேன்?

பிப்ரவரி 14

தென்காசி ரோட்டில் எட்வின் டைல்ஸ் கடைக்குப் போனோம். எட்வின் ஒரு மணி நேரம் கல்லைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் எடுத்த எடுப்பில் கேட்டார்: "அண்ணாச்சி, கார் நிக்குமா?"

இவர் அடுக்கி வைத்திருந்த கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். எட்வினே தொடர்ந்தார். "கார் நிக்கும்னா இந்தப் பார்க்கிங் டைல்ஸ். கனமான சரக்கு, சொரசொரன்னு இருக்கும், டயர் வழுக்காது. ஆனா வெறுங்காலோட நடந்தா பாதம் நோகும். ஆளுக உக்காந்து பொழங்குற இடம்னா இது. மெல்லிசு, காலுக்கு மெத்துனு இருக்கும். இதுல கார ஏத்துனீங்கன்னா வெடிச்சுப்போகும். ரெண்டுல ஒண்ண நீங்கதான் சொல்லணும்."

இவர் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "நிக்கும்ப்பா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

பிப்ரவரி 15

என்னத்தை யோசிக்கிறார்?

பிப்ரவரி 19

இந்து போனில், "டைல்ஸ் எதுக்கும்மா, எபாக்ஸி பெயிண்ட் அடிங்க, பளபளன்னு இருக்கும்" என்றாள். இவரிடம் சொன்னேன். "தண்ணி பட்டா வழுக்கும்" என்றார். "அப்போ பார்க்கிங் டைல்ஸே சொல்லிரவா?" என்று மெதுவாக நூல் விட்டுப் பார்த்தேன். பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அந்தப் பேப்பரை அவர் காலையிலேயே படித்துவிட்டார்.

பிப்ரவரி 23

தொண்டை கட்டிவிட்டது. மிளகு, பனங்கற்கண்டு, உப்புத் தண்ணீர், ஒன்றுக்கும் மசியவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. நாளை மறுநாள் பேத்திக்குப் பிறந்தநாள். பஸ்ஸில் போவோம் என்று காலண்டர் தாளில் எழுதிக் காட்டினேன்.

"கார் நிக்கையில பஸ் எதுக்கு?"

பிப்ரவரி 25

எழுத்து கோணிக்கொண்டு போகிறது, போகட்டும்.

ஊரைத் தாண்டும் வரை இவர் தோளில் தட்டித் தட்டிக் காட்டினேன். அதற்குப் பிறகு இடப்பக்கம் ஒரு டிவிஎஸ். புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு கைப்பிள்ளை. இவர் அவர்கள் பக்கமே சாய்த்துக்கொண்டு போகிறார். கத்துறேன் — சத்தம் வரல. கத்துறேன், கத்துறேன், வரமாட்டேங்குது! ஸ்டியரிங்கை எட்டிப் பிடிச்சு வலப்பக்கம் தள்ளிட்டேன். கார் குலுங்கி விலகியது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்து வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனாள். ஏசட்டும் தாயி. ஏசுவதற்கு அவள் இருக்கிறாளே, அது போதும்.

கொஞ்ச தூரம் தள்ளி ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார்.

"நீ பேசினாத்தான் எனக்கு ரோடு தெரியுது, வல்லி."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன பாக்குத? இத்தன நாளா நீ கதைதான் சொல்லுதேன்னு நான் கேட்டுக்கிட்டு வந்தேன்னு நெனச்சியா? டாக்டர் அன்னைக்கே ஓட்டாதீகன்னுட்டாரு. நாந்தான்… எம்புட்டு நாளைக்கு உன் தொண்டைய வச்சு வண்டி ஓட்ட முடியும்?"

சாவியை உருவி என் மடியில் போட்டார். எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டுக்கும் சத்தம் வரவில்லை. மாப்பிள்ளை வினோத்துக்கு இவரே போன் போட்டார். மாப்பிள்ளை யாரோ ஒரு நண்பர் பைக்கில் வந்து இறங்கி, ஒரு கேள்வி கேட்காமல் காரை எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்சீட்டில் உட்கார்ந்து போனோம்.

நாலு மாசமா தெரிஞ்சும் ஓட்டியிருக்காரு. பேத்திய வச்சுக்கிட்டு! குரல் மட்டும் வரட்டும்.

மார்ச் 1

குரல் வந்துவிட்டது. ஏச வேண்டியதை எல்லாம் ஏசி முடித்தேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் முழுசாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "காப்பி போடட்டுமா?" என்றார். போட்டார். சீனி அதிகம்.

மார்ச் 7

ஆட்டோவில் எட்வின் கடைக்கு. அவர் வாயைத் திறக்கும் முன்பே இவர் முந்திக்கொண்டார்.

"கார் நிக்காது எட்வின். காலுக்கு மெத்துனு இருக்குமே, அத எடு."

அம்மாடி! நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. நான் கேட்க நடுங்கிய வார்த்தை, டைல்ஸ் கடையில், அத்தனை பேர் முன்னால், தானாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு நிறத்துக்காக முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். இவருக்குக் கரும்பச்சை, எனக்குச் சந்தன நிறம். விட்டுக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இந்த மாதிரிச் சண்டை போட்டு எத்தனை மாசமாச்சு!

மார்ச் 11

காரை மாப்பிள்ளை கொண்டு போனார். இனி அது ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நிற்கும். கொத்தனார் மாரிச்சாமி பழைய தரையைக் கொத்த வந்தார். "கார் கழுவுற தண்ணி ஓடுததுக்கு நல்லா சரிவு விட்டிருக்கீக. இதுல நாக்காலி போட்டா ஆடுமே, அண்ணாச்சி?"

"சரிவு இல்லாம சமமா நெரவிருப்பா" என்றார் இவர். சொல்லிவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் காரைத் திரும்பக் கொண்டு வா என்று யாராவது சொன்னால் கேட்டைப் பூட்டிவிடுவேன்.

மார்ச் 17

டைல்ஸ் ஒட்டியாயிற்று. சந்தன நிறம். ஓரத்தில் மட்டும் ஒரு வரிசை கரும்பச்சை. இரண்டு நாளைக்கு மிதிக்கக் கூடாது என்று மாரிச்சாமி சொல்லிவிட்டுப் போன பத்தாவது நிமிஷம் இவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நிற்கிறார். "மெத்துனுதான் இருக்கு."

மார்ச் 23

பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பஞ்சு மார்க்கெட் தாண்டியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு இவர் என் தோளைப் பிடித்து உலுக்குகிறார்.

"ஏட்டி, எந்திரி. பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. வழி பூரா இப்படியா தூங்குவ?"

எந்த வண்டி முந்தியது, எது குறுக்கே வந்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது.