மாமியார் இழுத்த மராத்தான்

அன்பு மகள் ஜெப்கெமெய்க்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடும்படிதான் இருக்கிறோம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி மழைக்கு மழை வந்து போகிறது, சிவப்புப் பசு கிடேரி போட்டிருக்கிறது, நான் மட்டும் நாலு நாளாக வாசற்படியை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை, ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அந்த ஜப்பான் குளிரில் காதை மூடிக்கொண்டுதானே ஓடுகிறாய். இதைக் கொண்டுவந்து கொடுக்கும் ஜெரோதிச் நம் பள்ளிக்கூடத்து மேட்டுக்காரி, உன் ஓட்டக் குழுவிலேயே சேர வருகிறாள், சின்னப் பெண், அவளுக்கு அரிசிச் சோறு பழகும்வரை பார்த்துக்கொள். உகாலிக் களி கிண்டச் சோள மாவும் அவள் பையில் வைத்திருக்கிறேன். போனில் பேசியிருக்கலாம், ஆனால் உன் போனுக்கு வருவதெல்லாம் உன் புருஷன் போனிலும் தெரிகிறது என்று நீயே ஒருதரம் சொன்னாய். அதனால் காகிதம்.

உன் புருஷன் கிமோசோப் சங்கதிதான். போன மாதம் சர்ச்சுக்குப் புதுத் தகரக் கூரை போட்ட அன்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். கிமோசோப் எழுந்து நின்று பேசினான். பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உன் குழுப் பெயர் போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் அரைக்கிலோ கனம் இருக்கும் ஒரு கடிகாரம். நீ அங்கே போன பிறகு நாலு நிமிடம் குறைத்து ஓடியதைத்தான் ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், அது அவனுக்குப் பொறுக்கவில்லை. கால் அவளோடது, ஓட்டம் என்னோடது, நான் போட்டுக்குடுத்த பயிற்சி அட்டவணையிலதான் அவ இன்னும் ஓடிக்கிட்டிருக்கா என்றான். ஆறு வருடமாக இதைக் கேட்டுக் காது புளித்துப்போனவள்தான் நான், அன்றைக்கு என்னவோ வாய் சும்மா இருக்கவில்லை. அப்படின்னா மாப்பிள்ளை ஒரு தடவை ஓடிக் காட்டலாமே, அடுத்த மாசம் மேட்டு மராத்தான் வருதில்ல என்றேன். பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அத்தை ஓடினா நானும் ஓடறேன் என்றான். ஐம்பத்தொரு வயதுப் பொம்பளை பின்வாங்குவாள், தானும் தப்பித்துக்கொள்ளலாம் என்று அவன் போட்ட கணக்கு எனக்குத் தெரியாதா. மறுநாளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். உன் அப்பா நிதானமாக டீயைக் குடித்து முடித்துவிட்டு, எதுக்கு ஓடணும், ஆடு ஏதும் தொலைஞ்சுபோச்சா என்று கேட்டார்.

உனக்கு அந்தப் பாதை தெரியும். கெரியோ ஆற்றுப் பாலத்தில் கிளம்பி இருபத்தாறு கிலோமீட்டர் பள்ளத்தாக்குத் தரை, அப்புறம் பதினாறு கிலோமீட்டர் வளைந்து வளைந்து மலைச்சரிவில் ஏற்றம். மாங்காய் மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு முப்பது வருடம் ஏறின மேடுதானே, மூட்டையில்லாமல் ஏற என்ன என்று நினைத்தேன். நீ விட்டுப்போன பழைய ஷூவைத்தான் போட்டுக்கொண்டேன், உன் கால் என் காலைவிடப் பெரிது, முனையில் துணி அடைத்துக்கொண்டேன். கிளம்பும் இடத்தில் உன் புருஷன் என்னிடம் வந்து, அத்தை ஆரம்பத்துல அவசரப்படாதீங்க, மூச்சை மூக்கால இழுங்க, நான் சொல்ற மாதிரி ஓடினா வந்து சேர்ந்துடலாம் என்று புத்தி சொன்னான். வெடி வெடித்ததும் அவன் போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே. முன்னால் ரேடியோக்காரர்களின் வண்டி போய்க்கொண்டிருந்தது, அதன் பின்னாலேயே ஈ மாதிரிப் பறந்தான். அந்த வண்டி திரும்புகிற இடம் வரைக்கும்தான் அந்த வேகம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்குப் பத்து கிலோமீட்டரிலேயே தெரிந்துபோயிற்று. மூட்டை சுமக்கும்போது அலுத்தால் இறக்கி வைக்கலாம், ஓட்டத்தில் இறக்கி வைக்க ஒன்றும் இல்லை, நாமேதான் மூட்டை. பதினெட்டில் பப்பாளித் தோட்டத்து ஓரமாகக் குடித்த தண்ணீரெல்லாம் வாந்தி எடுத்தேன். வெயில் மண்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. இருபத்துநாலில் கால் கட்டைவிரல் நகம் தனியாக நகர்வது தெரிந்தது. அப்போது உன்னைத்தான் நினைத்தேன், பெருமையாக இல்லை மகளே, வெட்கமாக. வருடத்துக்கு இரண்டு தடவை இதை நீ செய்கிறாய், நான் உன்னிடம் போனில், ஓடிட்டு வந்துட்டியா, சரி, சாப்பிட்டியா என்று கேட்பேன், சந்தைக்குப் போய் வந்தவளைக் கேட்பதுபோல. என்னைவிட மட்டமான தாய் இந்தச் சரிவில் எவள் இருப்பாள் என்று தோன்றியது.

மேடு தொடங்கி ஆறாவது வளைவில், முள்மரத்து நிழலில், ஒரு ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் உன் பயிற்சியாளர். கண்ணாடியைக் காணோம். அத்தை, தொடை இழுத்துக்கிச்சு என்றான். முடியாதவர்களை ஏற்றிப்போகும் வேன் கீழே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது, அதில் ஏறிக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை என்றேன். அதுல ஏறினா ஊரே சிரிக்கும் அத்தை, என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க என்று அழுதான். நிஜமாகவே கண்ணில் தண்ணீர். விட்டுவிட்டுப் போகத்தான் கால் துடித்தது. ஆனால் இவன் அவமானப்பட்டால் அந்தக் கோபம் அன்றைக்கே போன் வழியாக யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும். மாமியார் மருமகன் கையைத் தொடக்கூடாது, பக்கத்தில் நிற்கவே கூசுவோம், அதனால் இடுப்பில் கட்டியிருந்த லெசோத் துணியை அவிழ்த்து ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு மறுமுனையை அவனிடம் வீசினேன். கன்றுக்குட்டியாவது நாலடி தானாக நடக்கும். இவன் முழுப் பாரத்தையும் துணியில் போட்டுவிட்டு வந்தான். பத்து கிலோமீட்டருக்குமேல் அப்படி இழுத்தேன். சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள், ஒருத்திகூடச் சிரிக்கவில்லை, அவ்வளவு அதிசயமாக இருந்திருக்கும்.

வலியில் மனுஷனுக்கு வாய் திறந்துகொள்கிறது. அட்டவணையெல்லாம் அவளே எழுதிக்குவா அத்தை, நான் பார்த்து டிக் போடுவேன், அவ்வளவுதான் என்றான். காலையில அஞ்சு மணிக்கு அவ தனியாத்தான் போவா, எனக்குக் குளிர் ஒத்துக்காது என்றான். இன்னொரு வளைவு தாண்டி, அவ இல்லைன்னா நான் யாரு அத்தை, ஒண்ணுமில்ல என்றான். அந்த ஒரு வளைவுக்கு மட்டும் அவன்மேல் எனக்கு இரக்கம் வந்தது, மறைக்கமாட்டேன். அடுத்த வளைவில், தண்ணி இருந்தா முதல்ல எனக்குக் குடுங்க என்றான், இரக்கம் போய்விட்டது.

மேலே மைதானத்து வாசல் வந்தது. ஒலிபெருக்கிச் சத்தமும் ஜனக் கூட்டமும் தெரிந்ததும் துணியை விட்டான். விட்டவன் நிமிர்ந்தான், சட்டையை இழுத்துவிட்டான், இழுத்துக்கொண்ட தொடை எங்கே போயிற்றோ, கையை வீசிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினான். நான் கோட்டைத் தொடுவதற்குள் ரேடியோக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான். என் நேரம் எனக்கு முக்கியமில்ல, வயசான மாமியார் மேட்டுல தவிக்கறதைப் பார்த்தேன், ஜெயிக்கிற ஓட்டத்தை விட்டுட்டு அவங்களைக் கூட்டிக்கிட்டு வந்தேன், ஒரு பயிற்சியாளர்னா அதுதான் என்று அவன் சொன்னதை நான் லெசோவைத் திரும்ப இடுப்பில் கட்டிக்கொண்டே கேட்டேன். எனக்கு ஒரு சோடாவும், எவனோ ஒரு அரசியல்வாதியின் பல்லிளிக்கும் படம் போட்ட சட்டையும் கொடுத்தார்கள். சட்டையால் அடுப்பு மேடை துடைக்கிறேன். ஐந்து மணி நேரம் நாற்பத்தொரு நிமிடம், உன் அப்பா ஒருவர்தான் அதைக் கேட்டு, தனியா ஓடியிருந்தா இன்னும் சீக்கிரம் வந்திருப்ப என்றார். யார் யாரை இழுத்து வந்தார் என்பது அதற்குள் ஆட்டுக்காரிகள் மூலம் பாதி ஊருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் பால் ஊற்றும் இடத்தில், உங்க மருமகன் உங்களைத் தூக்கிக்கிட்டு வந்தாராமே என்று கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த ஓட்டத்தில் நான் கற்ற பாடம் என்ன என்று ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கேட்டார், சாட்சி சொல்லச் சொன்னார். விடாமுயற்சி, பொறுமை என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். கால் வலிக்குது பாஸ்டர் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கற்றதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். மேடு கனமில்லை மகளே, பின்னால் தொங்குகிறவன்தான் கனம். அவனை உனக்குக் கட்டிவைத்தவள் நான். நல்ல சட்டை போட்டு மரியாதையாகப் பேசுகிறான் என்று மயங்கினவள் நான். மூன்று வருடத்துக்கு முன்னால் கறுத்துப்போன கால் நகத்தோடு நீ வந்து, அம்மா கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டுமா என்று கேட்டபோது, புருஷன் வீடுதான் உன் வீடு என்று ஒரு கோழியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினவளும் நான்தான். அவனை இகழ்ந்து இவ்வளவு எழுதினேன், அதில் பாதி எனக்கும் சேரும்.

நேற்று இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். குழுவை விட்டுவிட்டு நீ ஊர் திரும்பவேண்டுமாம், இனி அவன் கையிலேயே பயிற்சியாம், வெளிநாட்டு ஆட்கள் உன்னைக் கெடுக்கிறார்களாம். நான் சொன்னா கேக்கமாட்டேங்கறா அத்தை, உங்க பேச்சைத் தட்டமாட்டா, கூப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்க என்றான். பெரியவர்கள் தலையாட்டினார்கள். எழுதுகிறேன் மாப்பிள்ளை என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பினேன்.

எழுதிவிட்டேன். நீ வராதே. மார்ச் மாத ஓட்டத்தை ஓடு, அதற்கு அடுத்ததையும் ஓடு. எப்போது வரத் தோன்றுகிறதோ அப்போது வா, வந்தால் நேரே இந்த வீட்டுக்கு வா, உன் கட்டில் அதே இடத்தில் இருக்கிறது, எந்தப் பெரியவர் வந்தாலும் வாசலில் நானும் உன் அப்பாவும் பேசிக்கொள்கிறோம். தனியாக ஓடு. கடவுள் உன் காலையும் மூச்சையும் காக்கட்டும், உன் வயிறு குளிர்ந்திருக்கட்டும், இரவில் பாலைச் சூடாகக் குடி. ஒன்றை மறக்காதே, அவன் போன் பண்ணிக் கேட்பான். அம்மாவின் கடிதம் வந்தது, அம்மா சொன்னபடியே செய்யப்போகிறேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
தப்சுபெய்