உன் மேசைக்கு மேல் எரியும் விளக்கு

இன்று காலை கண் விழித்ததும் முதலில் உன் விளக்கைப் போட்டேன். திண்டிவனத்தில் என் கட்டிலில் படுத்தபடியே கைப்பேசியை எடுத்து, விழுப்புரத்தில் இருக்கும் நம் அலுவலகத்தின் வரைபடத்தைத் திறந்தேன். ஒவ்வொரு இருக்கைக்கும் அதில் ஒரு வட்டம். ஆள் இருந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் சாம்பல். பின் வரிசையின் கடைசி வட்டத்தைத் தொட்டேன், மஞ்சளானது. இன்று ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. தெரிந்தேதான் போட்டேன். அப்புறம்தான் எழுந்து பால் காய்ச்சினேன்.

நீ போனதிலிருந்து தினமும் இப்படித்தான். முதல் நாள் உன் வட்டம் சாம்பலாகவே இருந்ததைப் பார்க்க முடியாமல் தொட்டுவிட்டேன். பிறகு நிறுத்த முடியவில்லை.

இந்த விளக்குகள் வந்த புதிதில் நீ பட்ட பாடு நினைவிருக்கிறதா? மின்சாரம் வீணாகிறது என்று தலைமை அலுவலகத்தில் முடிவு செய்து, சுவரில் இருந்த சுவிட்சுகளை எடுத்துவிட்டுக் கூரையில் சென்சார் பதித்தார்கள். கீழே ஆள் அசைந்தால் விளக்கு எரியும். அசைவில்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். நிர்வாகப் பிரிவில் இருப்பதால் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. கைப்பேசியிலிருந்து விளக்கைப் போடும் வசதி பின்னால்தான் வந்தது; அப்படிப் போட்டால், திரும்பச் சென்சாரிடம் விடும்வரை எரியும். எல்லோருக்கும் பழகிவிட்டது, உனக்குத்தான் பழகவில்லை. வீட்டுக் கடன் கேட்டு வருகிறவர்களின் பத்திரங்களைப் படித்துச் சரிபார்ப்பது உன் வேலை. ஒரு தாய்ப்பத்திரத்தை விரித்துவிட்டால் உன் கண் மட்டும்தான் நகரும். கூரையில் இருக்கும் சென்சாருக்கு நீ அங்கே இருப்பதே தெரியாது. சட்டென்று இருட்டிவிடும்.

“இன்னாடி இது பேஜாரு! நான் உசுரோடதான் இருக்கேன்னு இதுக்கு வேற சொல்லிக்கினே இருக்கணுமா?” என்று கத்துவாய்.

ஒரு நாள் மேசை விசிறியில் நீளமாக ஒரு காகிதத்தைக் கட்டிப் பறக்கவிட்டாய். விளக்கு ஏமாறவில்லை. பழுது பார்க்க வந்தவர் சிரித்தார். “மேடம், காகிதம் ஆடறதெல்லாம் இதுக்குத் தெரியாது. உடம்பு சூடு இருக்கணும், அது நகரவும் செய்யணும்.”

“அப்ப ஒரு டம்ளர் டீயை வெச்சுட்டுப் போறேன். அது என் வேலையையும் பாத்துக்கும்” என்றாய் நீ.

கடைசியில் விளக்கை எழுப்பும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. இருட்டியதும் நீ நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாய். “கை” என்பாய், அவ்வளவுதான். பக்கத்து ஜன்னலோர நாற்காலியிலிருந்து சாய்ந்து உன் தலைக்கு மேல் கையை வீசுவேன். வெளிச்சம் வரும். அதே சாய்வில் உன் டப்பாவிலிருந்து அவித்த வேர்க்கடலையை, நம் மல்லாட்டையை, ஒரு பிடி எடுத்துக்கொள்வேன். அது கைக்கூலி. திருவெண்ணெய்நல்லூரிலிருந்து பேருந்தில் வரும்போதே அது ஆறிப்போயிருக்கும். ஆனாலும் அந்த ருசி வேறு எதிலும் இல்லை. சில நாள் வெளிச்சம் இருக்கும்போதே கையை வீசுவேன். “கள்ளி, லைட்டு எரிஞ்சுக்கினுதானே கீது?” என்று டப்பாவை மூடுவாய்.

புதுச்சேரி மருத்துவமனையில் உன்னை வந்து பார்த்தபோது உனக்குப் பேச மூச்சு போதவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, கூரையைக் கண்ணால் காட்டினாய். “இங்க லைட்டை அணைக்கவே மாட்டேங்கிறாங்கடி. தூக்கமே வரல. சென்சார் வெக்கச் சொல்லு.” சிரித்தேன். வெளியே வந்து நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றேன். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

இப்போது நடந்திருப்பதைக் கேட்டால் நீயும் சிரிப்பாய். வெள்ளிக்கிழமை நான் உள்ளே நுழைந்ததும், காலையில் பூட்டைத் திறந்து பெருக்குகிற அஞ்சலை அக்கா என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“யார்கிட்டயும் சொல்லாதம்மா. கதவைத் தொறந்தா ஆபீசே இருட்டு. அவங்க சீட்டு மேல மட்டும் லைட்டு எரியுது. தினம் எனக்கு முன்னாடி வந்து உக்காந்துக்கினு இருக்காங்க.”

“பயமா இருக்காக்கா?”

“பயம் இன்னா பயம். பாவம், பாதி வேலையில போயிட்டாங்க. ஒரு முழம் பூ வெச்சிருக்கேன் பாரு.”

உன் மேசையில் கதம்பம் இருந்தது. நான்தான் வீட்டிலிருந்து போடுகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. அதற்குள் செய்தி அலுவலகம் முழுக்கப் பரவியிருந்தது. கடன் பிரிவில் இருக்கும் பெண் தேநீர் எடுக்கப் போகும்போது உன் இருக்கையைச் சுற்றிக்கொண்டு போனாள். அடுத்தவர் வாங்கிய நிலத்தில் வில்லங்கம் தேடித் தேடிக் களைத்தவள் நீ. உன்னையே ஒரு வில்லங்கமாக்கி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை மேலாளர் கூப்பிட்டார். “மேடம், அந்தக் கடைசி சீட்ல ஆளே இல்ல, லைட்டு மட்டும் எரியுதுன்னு ரிப்போர்ட் வருது. ஆபீஸ்ல வேற என்னென்னமோ பேசிக்கறாங்க. யாரையாவது அங்க உக்கார வைங்க. இல்லன்னா மேசையை எடுத்துட்டு, லைட்டையும் கழட்டிடலாம். திங்கக்கிழமை சொல்லுங்க.”

யாரைக் கேட்டாலும் மாட்டேன் என்கிறார்கள். “ஐயோ, அக்கா சீட்டா? என்னை விட்டுடுங்க மேடம்.” பிரியமாக இருந்தவர்கள்தான் எல்லோரும். உன் டப்பாவில் கை விட்டவர்கள்தான்.

மாலையில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து வரிசையில் நின்றது. மேலே பெரிய விளக்குகள் யாருக்கென்று இல்லாமல் எரிந்துகொண்டிருந்தன. உனக்காக நான் போடும் விளக்கும் அப்படித்தானே என்று தோன்றியது. உடம்பு சூடு இருக்கணும் என்று பழுது பார்க்க வந்தவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தச் சூட்டை என் விரலால் இங்கிருந்து அனுப்ப முடியாது. இருந்தும் மேசையைத் தூக்கிக்கொண்டு போக விடமாட்டேன்.

இதை எழுதும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வரைபடத்தில் உன் வட்டம் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. இன்று ஒரு நாள் எரியட்டும். படுக்கப் போகுமுன் அதைப் பழையபடி சென்சாரின் பொறுப்பில் விட்டுவிடுவேன். நாளைக் காலை எழுந்ததும் கைப்பேசியைத் தொடமாட்டேன். அஞ்சலை அக்கா கதவைத் திறக்கும்போது அலுவலகம் முழுக்க ஒரே மாதிரி இருட்டாக இருக்கட்டும்.

பிறகு நான் போய் உன் நாற்காலியில் உட்காரப் போகிறேன். என் ஜன்னலோர இருக்கையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதைக் கண்டு பயப்பட யாருமில்லை. உன் மேசையில் நான் எப்போதாவது உன்னை நினைத்து அசையாமல் இருந்துவிடுவேன், விளக்கும் அணைந்துவிடும். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் சாய்ந்து கை வீசப்போவதில்லை. என் கையை நானே தூக்கிக்கொள்கிறேன்.

மேலாளரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.