சிக்கோகுவுக்கு மூன்று பயணச்சீட்டு

என் அன்பான அப்பா,

நாங்கள் பலெர்மோவை விட்டுப் போகப்போகிறோம். ஊருக்கு இல்லை, யப்பானுக்கு. அங்கே சிக்கோகு என்றொரு தீவு. இலங்கை, சிசிலி, இப்போது சிக்கோகு. தீவை விட்டால் உங்களுக்கு வேறு இடமே கிடைக்காதா என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

உங்கள் மருமகன் வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்து உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கினார் என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு அடுப்படிக்கு வந்துவிட்டார். கெஞ்சி என்ற யப்பான்காரர் சிசிலிச் சமையல் பழக வந்து, இரண்டு வருடம் இவரோடு ஒரே அடுப்பில் நின்றார். இப்போது சொந்த ஊரில் கடை திறந்திருக்கிறார். கணேசனும் குடும்பமும் வரவேணும் என்று எழுதினார். யாழ்ப்பாணத்தான் இத்தாலிச் சாப்பாட்டை யப்பான்காரருக்குச் சமைக்கப் போகிறான். ஊரில் ஆர் நம்புவினம்?

எனக்கு அந்தக் 'குடும்பமும்'தான் பெரிது. இவர் ஊரை விட்டுப் போகும்போது சுபா என் வயிற்றில். நாலு வயதில்தான் தகப்பனைக் கண்டாள், இங்கே ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில். என் சேலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "ஆரம்மா இந்த மாமா?" என்று கேட்டாள். இவர் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு அழுதார். அதை நான் எப்படி மறப்பேன்?

"நான் முன்னாலை போறன். நீங்கள் ரெண்டு பேரும் பிறகு வாங்கோ" என்றார் இம்முறையும்.

"அந்தக் கதை வேண்டாம். முந்தியும் இப்பிடித்தான் சொன்னனீங்கள். போனால் மூண்டு பேரும், இல்லாட்டி ஒருத்தரும் இல்லை" என்றேன். என் வாய் உங்களுக்குத் தெரியும்தானே.

விசாவுக்காக ரோமுக்குப் புறப்பட்டோம். மூன்று பேராக ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் நீங்கள் ஒரு சின்னக் கல்லை எடுத்து யாருடைய பைக்குள்ளாவது போடுவீர்கள், மூன்று பேராகப் போனால் காரியம் பலிக்காது, கல்லு நாலாவது ஆளாக இருக்கட்டும் என்று. வியா மக்வேதாத் தெரு ஓரத்தில் நான் குனிந்து கல்லுத் தேட, இவர் பின்னால் நின்று அவசரப்படுத்தினார்.

"ரயில் போகப்போகுது. ஆராவது ரோமுக்குக் கல்லுக் காவுவினமே? வாரும்."

கல்லில்லாமல் போனோம். அங்கே விசாக் கந்தோரில் இருந்த பெண் மூன்று கடவுச்சீட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். இவருக்குப் பின்னால் தம்பிப்பிள்ளை, எனக்குப் பின்னால் செல்லத்துரை, சுபாவுக்குப் பின்னால் கணேசன். அவரவருக்கு அவரவர் தகப்பன் பெயர், எங்கள் வழக்கம் அதுதானே? குடும்பப் பெயர் என்று எங்களுக்கு எங்கே இருந்தது அப்பா? அந்தப் பெண்ணுக்கோ மூன்று பெயரும் மூன்று குடும்பம். கலியாணப் பதிவு இருக்கிறது, சரி, ஆனால் இந்தப் பிள்ளை உங்களுடையதுதானா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அத்தாட்சி இல்லாவிட்டால் பிள்ளைக்கு விசா இல்லையாம்; பிள்ளையோடு நான் நிற்க, இவர் மட்டும் போகலாமாம்.

சுபாவின் பிறப்புப் பதிவின் இத்தாலிய மொழிபெயர்ப்பு பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே இருக்கிற அனுமதி, எடுக்கக் கொடுத்ததோடு போய்விட்டது. திரும்பும் ரயிலில் நான் இவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கல்லு எடுக்க விட்டிருந்தால் இப்படி வந்திராது என்று மட்டும் இரண்டு தரம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெட்டியின் அடியில் நீங்கள் சுற்றித் தந்த பொலித்தீன் பை நினைவுக்கு வந்தது. "கடதாசி ஒண்டையும் விட்டிட்டுப் போகாதை பிள்ளை" என்று நீங்கள் சொல்ல, "தமிழ்க் கடதாசியை அங்கை ஆர் வாசிக்கப் போயினம்?" என்று எரிந்து விழுந்தவள் நான். இத்தாலிக்காரர் வாசிக்காத கடதாசி கடதாசியே இல்லை என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் விடுகிற பிழை.

பையைப் பிரித்தேன். சுபாவின் மூலப் பதிவு. தகப்பன் கணேசன், தாய் மலர். கீழே, அறிவித்தவர்: செல்லத்துரை, தாயின் தகப்பன். பக்கத்தில் உங்கள் கையெழுத்து. ஊரடங்கு தளர்ந்த நேரத்தில் சைக்கிளில் போய்ப் பதிந்துவிட்டு வந்தீர்கள். இவர் நிற்க வேண்டிய இடத்தில் நீங்கள் நின்றீர்கள். நீங்கள் செத்தபோது உங்களுக்குப் பக்கத்தில் நான் நிற்கவில்லை. பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், நாட்டை விட்டு வெளிக்கிட முடியாது; ஒரு இத்தாலிக்காரச் சிஞ்ஞோரா வீட்டு நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்று அழாத அழுகையை எல்லாம் அந்தக் கையெழுத்தைப் பார்த்து அழுதேன்.

மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, மறுபடியும் ரோம். இந்த முறை கல்லை இவரே தேடி எடுத்து என் கைப்பைக்குள் போட்டார். அந்தப் பெண் பதிவில் இருந்த செல்லத்துரையில் ஒரு விரலை வைத்தார். மற்ற விரலை என் கடவுச்சீட்டில் இருந்த செல்லத்துரையில் வைத்தார். இது யார் என்று கேட்டார்.

"மியோ பாத்ரே" என்றேன். என் அப்பா.

மூன்று பேருக்கும் விசா கிடைத்துவிட்டது.

சுபா முதலில் பள்ளிக்கூடச் சிநேகிதிகளை விட்டு வரமாட்டேன் என்று நின்றாள். இப்போது கெஞ்சி அனுப்பிய புத்தகத்தில் எண்ணப் பழகுகிறாள். நேற்றுப் பயணச்சீட்டுகளை மேசையில் பரப்பி, "இச்சி, நி, சான்" என்று எண்ணினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூண்டு பேர்தானே அம்மா. கல்லு எடுக்கேல்லையோ?"

"வேண்டாம். என்ரை பெயரை வடிவா வாசிச்சுப் பார்."

சீட்டில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள். மலர். செல்லத்துரை. இன்னொரு தரம் எண்ணினாள். நாலு.

வியாழக்கிழமை வெளிக்கிடுகிறோம் அப்பா. அந்தத் தீவில் எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னாலும் உங்கள் பெயரை முழுதாக எழுதுவேன். இனி எங்கே போனாலும் ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் போகமாட்டோம். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் பெயரோடு கடல் தாண்டும் மகள்,
மலர் செல்லத்துரை