சிவப்பு மையில் அம்மா எழுதிய திருத்தம்

மண்ணச்சநல்லூர்
18-9-1962

அன்பு மகன் அழகிரிக்கு அப்பா பெரியண்ணன் எழுதிக்கொள்வது. சமயபுரத்தாள் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், பிலாயில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. கேஸ் என்னாயிற்று என்று கேட்டிருந்தாய், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், சொல்ல எனக்கு வார்த்தை வருமா என்று தெரியவில்லை.

பக்கத்து வயல் பிச்சமுத்து நம் வண்டிப் பாதையை மறித்து வேலி போட்டதும், நம் நிலம் அம்மா பேரில் இருப்பதால் அவளே பிராது எழுதித் திருச்சி முன்சீப் கோர்ட்டில் கொடுத்ததும் உனக்குத் தெரியும். வக்கீல் வைக்கலாம் என்று சொன்னேன், என் வயலுக்குப் போற வழி என்னைவிட அவருக்கா தெரியும் என்று கேட்டுவிட்டாள். போன மாதம் கேஸ் கூப்பிட்டபோது பிச்சமுத்துவின் வக்கீல் எழுந்து, பிராதில் உள்ள சர்வே நம்பரில் பாதையே கிடையாது, எத்தனை வருஷப் புழக்கம் என்றும் எழுதவில்லை, தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார். 121 என்பதை அம்மா 112 என்று எழுதியிருந்தாள். பாதை போனால் அறுத்த நெல்லை எப்படி வீடு சேர்ப்பது என்று நான் கவலைப்பட்டேன். முன்சீப், "என்னம்மா சொல்றீங்க" என்று கேட்டார். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு, "எழுதினதுதான் தப்புங்க, பாதை தப்பில்லீங்க" என்றாள். முன்சீப் பிராதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திருத்த அனுமதி கேட்டு மனுப் போடலாம், எதை ஏன் திருத்துகிறீர்கள் என்று சத்தியம் செய்து எழுதித் தாருங்கள் என்றார்.

அம்மா ஊர் நிலக்கணக்கு வைத்திருக்கும் கர்ணத்திடம் போய் நம்பரைப் பார்த்து வந்தாள், பாதையை என்னோடு நடந்து அளந்தாள், நாலு நாள் அடித்து அடித்து எழுதினாள். இப்படித் திருத்தினால் இது புதுக்கேஸ் ஆகிவிடும், அனுமதிக்கக் கூடாது என்று அந்த வக்கீல் வாதாடினார். முதலிலேயே ஏன் எழுதவில்லை என்று முன்சீப் கேட்டதற்கு, "அப்ப எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாங்க" என்றாள். மனுவை அனுமதித்துவிட்டார். பழைய வரியை அழிக்கக் கூடாதாம், படிக்கிற மாதிரி கோடு போட்டுவிட்டு மேலே சிவப்பு மையில் திருத்த வேண்டுமாம். எட்டாவது படித்தவள் செய்த தப்பையும் மதித்து, திருத்திக்கொண்டு வா என்று ஒரு சர்க்கார் காத்திருக்கிறதே என்று நான் மலைத்து நின்றேன். வராந்தா பெஞ்சில் அவள் குனிந்து எழுதியதைப் பார்த்தபோது, முப்பது வருஷமாகக் கூட வாழ்ந்தும் இவளை நான் முழுசாகப் பார்த்ததில்லை என்று பட்டது.

அப்போது பிச்சமுத்து தயங்கித் தயங்கி வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கே தங்கச்சி என்று கேட்டார். அம்மா அவர் மேல் போட்ட பிராதை அவருக்கே நிதானமாக வாசித்துக் காட்டினாள். 1938 முதல் வண்டி போகிற பாதை என்ற இடத்தில் அவர் நிறுத்தச் சொல்லி, "அதுக்கு முன்னாடியேம்மா, எங்க அப்பாரு காலத்துலேயே போச்சு" என்றார். "அப்ப இன்னொரு தடவை திருத்தணுமாண்ணே" என்று அம்மா கேட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் காலையில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு வேலி பிரிந்து கிடந்தது. கேஸை வாபஸ் வாங்கலாமா என்றேன். பாதை நமக்கு உண்டு என்று கோர்ட் எழுத்தில் வரட்டும் என்கிறாள்.

பனி தொடங்குமுன் கம்பளி வாங்கிக்கொள். தீபாவளிக்கு லீவு சொல்லி வை. நீ நீண்ட ஆயுளோடு நல்லபடி இருக்க எங்கள் இருவர் ஆசீர்வாதமும் என்றும் உண்டு. அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, உறை மேல் பவுனம்மாள் என்று அவள் பேரையே எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
பெ. பெரியண்ணன்